வேலூரில் குளிர்ந்த இடம் எது?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியர்களுக்கும், சென்னையில் இருக்கும் வெடிபொருள் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும், எங்கள் பக்கத்துக் கல்குவாரி உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

ஒரு கல்குவாரியில் மேகசின் பொறுப்பாளனாக இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். 1991-ல் சேர்ந்தேன், 2013-ல் நின்றேன். மேகசின் என்றதும் வாரப் பத்திரிகை என்று நினைத்துவிட வேண்டாம். குவாரியில் வெடிமருந்து வைக்கிற கிடங்குக்கு அதுதான் பெயர். பாறையை உடைக்கிற வெடிமருந்துத் தோட்டாப் பெட்டிகளை எண்ணி வாங்குவது, எண்ணிக் கொடுப்பது, மீந்ததை சாயங்காலம் திருப்பி வாங்கி நோட்டில் எழுதுவது, பூட்டி சாவியை இடுப்பில் முடிந்துகொள்வது. என் உத்தியோகம் அவ்வளவுதான்.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வரி அச்சிட்டிருக்கும். குளிர்ந்த, உலர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வைக்கவும் என்று. சித்திரை வெயிலில் பெட்டியை இறக்கும்போது அதைப் படித்தால் எங்களுக்குச் சிரிப்பு வரும். வேலூரில் குளிர்ந்த இடம் எது? பெட்டியை ஏலகிரிக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ‘நீரில்லா ஆறு, மரமில்லா மலை’ என்று ஊரைப் பற்றி ஒரு வசனம் உண்டல்லவா, அதில் எனக்கு மலைதான் முக்கியம். பகல் முழுக்க வெயிலைக் குடித்த மொட்டைப் பாறை ராத்திரி பத்து மணிக்கும் அனல் விடும். மே மாதம் 42, 43 டிகிரி என்று பேப்பரில் வருவது எங்களுக்குச் செய்தியே இல்லை.

இந்த மடல் அந்தக் ‘குளிர்ந்த’ என்ற ஒரு வார்த்தையைப் பற்றியது.

மேகசினுக்கு விதிகள் ஏராளம். 1884-ம் வருடச் சட்டம், 2008-ம் வருட விதிகள். வீட்டிலிருந்தும் ரோட்டிலிருந்தும் இத்தனை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், இடிதாங்கி வேண்டும், தோட்டாவைத் தூண்டி வெடிக்க வைக்கிற கேப்பு தனி அறையில் இருக்க வேண்டும், சுற்றிலும் காய்ந்த புல் இருக்கக் கூடாது. எல்லாம் சரியான விதிகள். அவற்றால்தான் நான் முழு ஆளாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆனால் நான் எழுதிய நோட்டில் தேதிக்கு ஒரு கட்டம், பெட்டி எண்ணுக்கு ஒரு கட்டம், வரவுக்கு, செலவுக்கு, இருப்புக்கு என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. உள்ளே எவ்வளவு சூடு என்று எழுத இடம் இல்லை.

சூடு என்ன செய்யும் என்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது என் தலைதான். நான் சேர்ந்த காலத்தில் நைட்ரோகிளிசரின் கலந்த தோட்டாக்கள் வரும். 2004-ல் அது நின்றுபோனது. அந்த மருந்தின் ஆவி ரத்தக் குழாயை விரிக்கும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கிற மாத்திரையும் இதே சரக்குதான். பெட்டியைத் திறந்து கால் மணி நேரம் நின்றால் பொட்டு இரண்டும் தெறிக்கும். வாரம் முழுக்கப் புழங்கினால் உடம்பு பழகிவிடும். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை போனால் மறுபடி முதலிலிருந்து வலி. மார்கழியில் லேசாக இருப்பது சித்திரையில் வாந்தி வரை போகும். சூடு ஏற ஏற ஆவி அதிகம் என்று யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

ஒரு மே மாதக் கடைசியில் மேல் வரிசைப் பெட்டி ஒன்றை இறக்கினேன். தோட்டாவைச் சுற்றிய மெழுகுத் தாளில் எண்ணெய்ப் பிசுக்கு. வடை வைத்த பேப்பர் மாதிரி தாள் கண்ணாடியாகியிருந்தது. வெடி வைக்கிறவர் எங்களுக்கெல்லாம் மூத்தவர். எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல், ‘தம்பி, அப்படியே கீழே வை. பெட்டியைத் தேய்க்காதே. வெளியே வா’ என்றார். நைட்ரோகிளிசரின் இப்படிக் கசிவதை மருந்து வியர்த்துவிட்டது என்பார்கள். முறைப்படி அழித்தார்கள். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

இதே மருந்துக்குக் குளிர் நாடுகளில் நேர் எதிரான தொல்லை. நைட்ரோகிளிசரின் சுமார் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பனிக்காலத்தில் உறைந்த தோட்டாவை அடுப்புப் பக்கம் வைத்து இளக்கப் போய்ச் செத்தவர்கள் அந்தக் காலத்தில் நிறைய. நமக்கு வியர்வை, அவர்களுக்கு உறைவு. ஒரே சரக்கு ஊருக்கு ஒரு குணம் காட்டுகிறது. ஆனால் பெட்டியில் அச்சிடுகிற வரி மட்டும் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

அதற்கப்புறம் நான் முதலாளியிடம் போய், கூரைக்கு மேல் தட்டோடு பதிக்கலாமா என்று கேட்டேன். எங்கள் மேகசினுக்கு வெறும் கான்கிரீட் தளம், மேலே ஒன்றும் கிடையாது. ‘நான் வீட்டுக்கே ஏசி போடல, நீ மருந்துக்குக் கேக்கறியா’ என்றார். கெட்டவர் இல்லை, செலவுக்குப் பயந்தவர். சரி என்று வந்துவிட்டேன். மனம் ஆறாமல் என் காசில் அதிகபட்சமும் குறைந்தபட்சமும் காட்டுகிற தெர்மாமீட்டர் இரண்டு வாங்கினேன். ‘யூ’ வடிவக் குழாய், கோழிப் பண்ணையில் மாட்டியிருப்பார்களே, அதுதான். பேட்டரி கிடையாது என்பதால் மேகசினுக்குள் ஆட்சேபமும் இல்லை. செல்போனையும் செருப்பையும் வாசலில் விட்டுவிட்டு நுழைகிற இடம் அது. ஒன்றைக் கூரைக்கு ஒரு முழம் கீழே மாட்டினேன், இன்னொன்றைத் தரைக்கு ஒரு முழம் மேலே.

முதல் ஆச்சரியம் நேரம். உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு உள்ளே போனால் வெளியைவிடச் சுகமாக இருக்கும். அப்போது வந்து பார்க்கிற யாரும் ‘பரவாயில்லையே, ஜில்லென்று இருக்கிறதே’ என்பார்கள். மீந்த தோட்டாவை வைக்க ஐந்து மணிக்கு மேல் கதவைத் திறந்தால் நெல் புழுக்குகிற அண்டாவின் மூடியைத் திறந்த மாதிரி முகத்தில் அடிக்கும். பகலெல்லாம் தளம் வாங்கிய சூடு மெதுவாகக் கீழிறங்கி, வெளியே வெயில் தாழும்போது உள்ளே வந்து சேர்கிறது. இரண்டாவது ஆச்சரியம் உயரம். வெளியே 42 என்று பேப்பரில் போட்ட ஒரு நாள் மேல் தெர்மாமீட்டர் 45 காட்டியது, கீழே இருந்தது 38. ஒரே அறைக்குள் ஏழு டிகிரி வித்தியாசம். புதுப் பெட்டிகளை வசதிக்கு முன்னால் அடுக்குவோம். பழைய பெட்டிகள் பின்னால், மேல் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக, வயசான மருந்துக்குத்தான் அதிகச் சூடு.

கல் சூடானது, கல் குளிர்ச்சியானது, இரண்டும் எப்படி உண்மை என்று குழம்புகிறவர்கள் மே மாதம் மத்தியானம் ஜலகண்டேஸ்வரர் கோவிலுக்கு ஒரு நடை போய்வாருங்கள். வெளிப் பிரகாரத்தில் கால் வைக்க முடியாமல் துள்ளி ஓடுவீர்கள். நாலு எட்டில் கல்யாண மண்டபத்துக்குள் ஏறினால் அதே கல் உள்ளங்காலுக்கு இதமாக இருக்கும். கனமும் நிழலும் செய்கிற வேலை அது. கனமான கல்லுக்குள் சூடு போய்ச் சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும், மறுபடி குளிரத் தொடங்கிவிடும். ஐந்தங்குலத் தளத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

ராணுவக் கிடங்குகளில் மேலே மண் போட்டு மூடுவது இதற்காகவும்தான். வெடித்தால் பக்கத்துக் கிடங்குக்குப் பரவக் கூடாது என்பது முதல் காரணம், சூடு தணிவது கூடவே கிடைக்கிற லாபம். ஓய்வுக்கு அப்புறம் மகன் தேடிக் கொடுத்ததை அகராதியும் கையுமாகப் படித்தேன். அமெரிக்கக் கடற்படைக்காரர்கள் 1960-களிலேயே கலிபோர்னியா பாலைவனத்தில் சைனா லேக் என்ற இடத்தில் தொடங்கி ஒகினாவா, ஜப்பான், கரீபியன் தீவுகள், பனிப் பிரதேசம் என்று ஊர் ஊராகத் தங்கள் வெடிமருந்துக் கிடங்குகளின் உள் சூட்டை அளந்து அறிக்கை போட்டிருக்கிறார்கள். மண் மூடிய கிடங்கில் பகல் இரவு வித்தியாசமே ஏறக்குறையக் காணாமல் போகிறது. பருவத்தின் ஏற்ற இறக்கம் மட்டும் மெதுவாக உள்ளே வருகிறது. திறந்த வெளியில் தார்ப்பாய்க்குக் கீழே வைத்த சரக்கின் கதை வேறு. வெப்ப நாட்டில் வெயிலில் கிடக்கும் பெட்டிக்குள் 71 டிகிரி வரை போகலாம் என்று கணக்கு வைத்துத்தான் அவர்கள் ராணுவத் தளவாடங்களையே சோதிக்கிறார்கள். சோறு வடித்த கஞ்சியைத் தொட முடியாது, அந்தச் சூட்டில் வெடிமருந்து.

இதில் நம்மூருக்கு ஒரு கசப்பான கணக்கு உண்டு. மண்ணுக்கு அடியில் ஆழப் போனால் கிடைப்பது அந்த ஊரின் வருடச் சராசரி வெப்பம். குளிர் நாட்டில் மண்ணைப் போட்டு மூடினால் பத்து டிகிரி, பதினைந்து டிகிரி கிடைக்கும். வேலூரில் எவ்வளவு மண் போட்டாலும் இருபத்தெட்டை ஒட்டித்தான் நிற்கும். ‘குளிர்ந்த’ இடம் நமக்குக் கிடைக்கவே கிடைக்காது. நாற்பத்தைந்தைத் தொடாத இடம் கிடைக்கும், அதுவே பெரிது. ஏனென்றால் மருந்துக்குள் நடக்கிற ரசாயன வேலை பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பார்கள். முப்பது டிகிரியில் ஒரு வருடம் தாங்குகிற சரக்கு ஐம்பதில் மூன்று மாதம்தான் தாங்கும். அப்படியானால் பெட்டியில் போட்ட காலாவதித் தேதி எந்த ஊருக்கான தேதி?

இந்தக் கேள்வியை அலட்சியம் செய்தவர்கள் பட்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் 1907-ல் ‘இயேனா’, 1911-ல் ‘லிபெர்த்தே’ என்று இரண்டு போர்க்கப்பல்கள் நின்ற இடத்திலேயே வெடித்தன. எதிரி யாரும் சுடவில்லை. பீரங்கிக் குண்டைத் தள்ளுகிற நைட்ரோசெல்லுலோஸ் மருந்து தானாகவே கெட்டது. அந்த மருந்து மெதுவாகச் சிதையும்போது வருகிற வாயு சிதைவை இன்னும் வேகப்படுத்தும். அதை உறிஞ்சிக்கொள்ள ஒரு பொருளைச் சேர்த்திருப்பார்கள். சூட்டில் அந்தப் பொருள் சீக்கிரம் தீர்ந்துவிடும். தீர்ந்தபின் தடுக்க ஆளில்லை. போலீஸ் ஆயுதப்படைக் கிடங்கில் இருக்கிற ரைபிள் தோட்டாவுக்குள் இருப்பதும் அதே குடும்பத்து மருந்துதான் என்பதை மாவட்ட நிர்வாகம் நினைவில் வைக்கட்டும்.

சைப்ரஸ் தீவில் நடந்தது நம் வெயிலுக்கு இன்னும் பக்கம். பறிமுதல் செய்த வெடிமருந்து, 98 கன்டெய்னர்கள். 2009-லிருந்து ஒரு கடற்படைத் தளத்தில் வெட்டவெளியில் அடுக்கிக் கிடந்தன. இரண்டு கோடை போனது, மூன்றாவது கோடையில் ஒரு கன்டெய்னர் உப்பியது. கூட்டம் போட்டார்கள், பேசினார்கள். ஒரு வாரத்தில், 2011 ஜூலை 11 விடிகாலை, எல்லாம் வெடித்தது. 13 பேர் செத்தார்கள். பக்கத்திலிருந்த, நாட்டிலேயே பெரிய மின்நிலையம் சிதைந்து தீவே இருட்டில் தவித்தது. உப்பிய தகரத்தைப் பார்த்தும் ஒரு வாரம் இருந்தது என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

வெளிநாட்டுக் கதை என்று தள்ள வேண்டாம். 2015-ல் பறிமுதலான, உரத்துக்கும் வெடிமருந்துக்கும் பயன்படுகிற அம்மோனியம் நைட்ரேட் ஏறக்குறைய 700 டன் சென்னை மணலியில் ஐந்து வருடம் கன்டெய்னர்களில் கிடந்தது. 2020 ஆகஸ்டில் அதே சரக்கு வெடித்து லெபனானின் பெய்ரூட் துறைமுகம் சிதறியதை டிவியில் பார்த்த பிறகுதான் அவசர அவசரமாக ஐதராபாத்துக்கு ஏற்றினார்கள்.

அம்மோனியம் நைட்ரேட் பற்றி வேலூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பார்க்க யூரியா மாதிரி குருணை. சுமார் 32 டிகிரியில் அதன் படிக அமைப்பு மாறும், உருண்டை கொஞ்சம் ஊதும். 32-க்குக் கீழே இறங்கினால் பழையபடி சுருங்கும். இப்படி ஊதி ஊதிச் சுருங்கினால் குருணை உதிர்ந்து மாவாகும், அப்புறம் ஈரம் பட்டு மூட்டையே பாறையாகும். லண்டனில் வருடத்தில் சில நாள்தான் 32-ஐத் தாண்டும். நமக்கு எப்படி என்று, அந்தத் தெர்மாமீட்டர்களின் அளவை எழுதிவந்த என் பழைய நோட்டை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். கத்திரி வெயிலில்தான் மோசம் என்று நினைத்திருந்தேன், இல்லை. அக்னி நட்சத்திரத்தில் மேகசினுக்குள் ராத்திரிகூட 32-க்குக் கீழே இறங்குவதில்லை, மேலேயே நின்றுவிடுகிறது. பகலில் தாண்டி ராத்திரியில் இறங்குகிற நாட்கள் மாசி, பங்குனியிலும் ஆடி, ஆவணியிலும்தான் வரிசையாக வருகின்றன. ‘வெயில் குறைந்துவிட்டது’ என்று நாம் மூச்சுவிடுகிற மாதங்களில் மூட்டை நொறுங்குகிறது. ஒரு தெர்மாமீட்டர் இல்லாமல் இது எனக்குத் தெரிந்திருக்காது.

இப்போது குவாரிக்கு வருவது எமல்ஷன் தோட்டா, நைட்ரேட் கரைசலை எண்ணெயோடு கலந்து பசையாக்கியது. அதற்கு வியர்வை இல்லை, தலைவலி இல்லை. சூட்டில் தானாக வெடித்துவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம், அப்படிப் பயமுறுத்த நான் வரவில்லை. அதன் ஆபத்து வேறு மாதிரி. நல்ல எமல்ஷனைக் கையில் அழுத்தினால் வெண்ணெய் மாதிரி இருக்கும். சூடும் தணிவுமாக மாதக்கணக்கில் ஆட்டம் கண்டது உள்ளே உப்புப் பூத்து, விரலுக்கு நறநறவென்று படும். அப்படிப்பட்டது பாறையில் துளைத்த குழியில் வெடிக்காமல் போகலாம். 2009 ஆடியில் எங்கள் குவாரியில் பன்னிரண்டு குழியில் ஒன்று வெடிக்கவில்லை. மறுநாள் காலை கம்ப்ரசர் பையன் பாறையைத் துளைக்கிற ஜாக்ஹாமரைத் தோளில் வைத்துக்கொண்டு அதே பாறைக்கு நடந்துகொண்டிருந்தான். குழியை எண்ணிய மேஸ்திரி கத்திய கத்தில்தான் நின்றான். குழிக்கும் அவனுக்கும் பத்தடி. அந்தத் தோட்டா வந்த பெட்டி, சித்திரை முழுக்க மேல் வரிசையில் இருந்த பெட்டி. என் நோட்டில் இருக்கிறது. சூட்டால்தான் வெடிக்கவில்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய மாட்டேன், ஒயர் கோளாறாகவும் இருந்திருக்கலாம். ஆனால் சந்தேகப்படுவதற்காவது ஒரு கணக்கு என்னிடம் இருந்தது. மற்ற மேகசின்களில் அதுவும் இல்லை.

எனவே நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. இந்த மூன்று மாவட்டங்களிலும் உரிமம் பெற்ற ஒவ்வொரு மேகசினிலும் இரண்டு தெர்மாமீட்டர், ஒன்று மேலே, ஒன்று கீழே. இருப்பு நோட்டில் இரண்டு கட்டம் கூடுதலாக, தினம் காலை திறக்கும்போது எழுத வேண்டும். ஒரு பெட்டித் தோட்டாவின் விலைக்குள் முடிந்துவிடும். ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் முடிந்தால் சாயங்காலம் ஐந்து மணிக்கு வாருங்கள். வெயிலுக்கு முன் முடித்துவிடலாம் என்று காலையில் வந்தால் மேகசின் உங்களுக்கு நல்ல முகத்தைத்தான் காட்டும்.

கூரைக்கு முதலாளிமார் மனது வைக்க வேண்டும். மாசி முடிவதற்குள் தளத்துக்குச் சுண்ணாம்பு அடித்தால்கூடப் போதும், வெள்ளை பாதி வெயிலைத் திருப்பி அனுப்பும். கை கொஞ்சம் தாராளம் என்றால், பழைய கொத்தனார்கள் கடுக்காய்த் தண்ணீர் ஊற்றிச் சுண்ணாம்பு ஜல்லி போட்டு மேலே தட்டோடு பதிப்பார்களே, அதைச் செய்யுங்கள். பாம்பு வருகிறது என்று காற்றுத் துவாரத்தில் சாக்கை அடைக்கிற வழக்கத்தை விட்டுவிட்டு சல்லடைக் கம்பியைச் சரிசெய்யுங்கள். நானும் அடைத்தவன்தான், மறைக்கவில்லை. அப்புறம், கத்திரி தொடங்குவதற்கு முன் ஒரு நாள் செலவழித்துப் பழைய பெட்டிகளைக் கீழ் வரிசைக்கு மாற்றுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஆட்சியர்களிடம் தனியாக ஒன்று. அனுமதியில்லாமல் வைத்திருந்த தோட்டா, கேப்பு பிடிபட்டதாக அடிக்கடி செய்தி வருகிறது. பிடித்த பிறகு, கோர்ட் உத்தரவு வரும் வரை அவை எங்கே, எந்தக் கூரைக்குக் கீழே இருக்கின்றன என்று ஒரு பட்டியல் கேட்டு வாங்குங்கள். உரிமம் உள்ள மேகசினுக்கு அன்றைக்கே போய்ச் சேர ஏற்பாடு செய்யுங்கள். வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று 2024-ல் அரசே அறிவித்துவிட்டது. மனிதர்களுக்கு மோர்ப் பந்தல் போடுகிற அதே வாரத்தில் இந்தப் பட்டியலையும் பார்க்கலாமே.

என் நோட்டுகள் ஏழு இருக்கின்றன. 2006 சித்திரையிலிருந்து 2013 பங்குனி வரை, நடுவில் டைபாய்டில் படுத்த இருபது நாள் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. ஒன்றிரண்டில் கரையான் ஓரம் தின்றிருக்கிறது, எண்கள் தெரிகின்றன. யாராவது நகல் எடுத்துக்கொள்வதாக இருந்தால் தருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை, மூலத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் மேகசின் பொறுப்பாளர்,
காட்பாடி